ஜெர்மானியக் கம்பெனியில் இந்திய மாணவர்

மேலதிகாரி எழுந்து செல்லும் வரையில் இருக்கையை விட்டு அகலாதிருப்பதும், ஒப்படைக்கப்பட்ட வேலை எதுவாயினும் மறுபேச்சின்றி ஏற்பதும், சம்பள விஷயத்தை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகமென்று கருதுவதும் நம் நாட்டு உத்தியோகசாலைகளில் நல்ல பிள்ளையின் லட்சணங்களாக எண்ணப்படுகின்றன. அதே லட்சணங்களோடு மூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்குச் சேரும் மாணவர், அங்கே தம் மௌனத்தை மரியாதையென்று எவரும் நினைப்பதில்லை, சம்மதமென்றே கொள்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் காலங்கடந்தே உணர்கிறார். ஜெர்மனியில் பயிலும் அந்நிய நாட்டு மாணவர்களில் இந்தியர்களே இன்று முதலிடம் வகிப்பதால், இது யாரோ சிலருடைய சங்கடமன்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தெளிந்துகொள்ள வேண்டியது, தம்முடைய பயிற்சி எந்த வகையைச் சேர்ந்தது என்பதே. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் விதித்த கட்டாயப் பயிற்சி ஒன்று. மாணவர் தம் விருப்பத்தால் தேடிக்கொள்ளும் பயிற்சி மற்றொன்று. ஒரே அறையில் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவரைச் சட்டம் வெவ்வேறு விதமாக நடத்துவதற்கு இந்தப் பேதமே காரணம். 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கட்டாயப் பயிற்சியை அடியோடு விலக்கிவிட்டதால், அதற்குக் கம்பெனி ஒரு காசும் கொடாமல் இருந்தாலும் இந்தச் சட்டப்படி குற்றமில்லை. படிப்பின் இடையே விரும்பி மேற்கொள்ளும் பயிற்சி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகவும், அதே கம்பெனியில் முன்பு அத்தகைய பயிற்சி பெறாததாகவும் இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. அந்த எல்லையை மீறிய ஒப்பந்தமாயின், முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியத்தை முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ, வாரம் 40 மணி வேலைக்குப் பிடித்தங்களுக்கு முன் மாதம் ஏறத்தாழ 2,400 யூரோ ஆகிறது. விளம்பரங்களில் மூன்று மாதம் என்ற கணக்கு அடிக்கடி தென்படுவதன் ரகசியம் இதனால் விளங்கும். பட்டம் பெற்று முடித்தவருக்கு இந்த விலக்குகள் பொதுவாகப் பொருந்தா. பயிற்சி என்ற பெயரில் ஒருவரை முழு உத்தியோகஸ்தரைப்போல வேலை வாங்கினால், நீதிமன்றம் காகிதத்தில் எழுதியிருப்பதைவிட நடந்த வேலையையே கவனிக்கும். குறைந்தபட்ச ஊதியம் வேண்டாமென்று மாணவரே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

ஊதியத்தைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும் அபாயம் ஒன்று உண்டு. மாணவர் அனுமதியில் இருக்கும் நம்மவர் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் விருப்பப் பயிற்சி, சம்பளமே இல்லாததாயினும், அந்த நாட்கணக்கில் சேரும் என்பதை அறியாமல், ‘இலவசமாகத்தானே செய்கிறேன்’ என்று மாதக்கணக்கில் உழைத்துவிட்டுப் பின்னர் அயல்நாட்டார் அலுவலகத்தில் விழிப்பவர்களும் உண்டு. கட்டாயப் பயிற்சி அந்தக் கணக்கில் வராது. ஆகவே அது கட்டாயப் பயிற்சியே என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நலம்.

வேலை நேரம் சாதாரணமாக நாளுக்கு எட்டு மணி. பின்னர் ஈடுகட்டப்படுமானால் பத்து வரை போகலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அரைமணி ஓய்வும், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குமுன் பதினொரு மணி நேர இடைவெளியும் அவசியம். மேலதிகாரி மெச்சவேண்டுமென்று இரவில் காத்திருப்பவரை அங்கே ஒருவரும் மெச்சுவதில்லை. நேரத்தில் வேலையை முடிக்கத் தெரியாதவர் என்ற அபிப்பிராயமே மிஞ்சக்கூடும்.

‘இது சரியில்லை’ என்று பலர் முன்னிலையில் முகத்துக்கு நேரே சொல்லுவது அங்கே பெரும்பாலும் வேலையைப் பற்றிய பேச்சே தவிர விரோதமன்று. புதியவர் அதற்காக மனம் வாட வேண்டியதில்லை. ஆனால் நிறத்தையோ பிறப்பையோ மதத்தையோ குறித்த இழிசொல்லும், விரும்பத்தகாத தொடுகையும் வெளிப்படைப் பேச்சில் சேர்ந்தவையல்ல. 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டம் அவற்றைத் தடுக்கிறது. புகார் பெறுவதற்கென்று ஒருவரைக் கம்பெனி நியமித்திருக்கவும் வேண்டும். நஷ்டஈடு கோருவதாயின் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோரிவிட வேண்டும். ‘பயிற்சி முடியட்டும், பார்க்கலாம்’ என்று பொறுத்திருப்பவருக்கு உரிமையே கைநழுவிவிடலாம். பாகுபாட்டுக்கு எதிரான கூட்டரசு அலுவலகம் பெர்லினில் இருந்து இலவசமாக ஆலோசனை கூறுகிறது.

ஊதியம் குறைந்தால் அதைக் கண்காணிப்பது அந்நாட்டுச் சுங்க இலாகா; சம்பளத்துக்கும் சுங்கத்துக்கும் என்ன சம்பந்தமென்று நாம் வியந்தாலும் ஏற்பாடு அப்படித்தான். எனினும் அது கம்பெனிக்கு அபராதம் விதிக்குமே தவிர, மாணவருக்குரிய பணத்தை வசூலித்துத் தராது. அதற்குத் தொழில் நீதிமன்றத்தை நாட வேண்டும். முதற்படியில் வக்கீல் கட்டாயமில்லை. மனு எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லுவதை நீதிமன்ற அலுவலகத்திலேயே எழுதிக்கொள்வார்கள். விசாரணையும் சமரச முயற்சியோடுதான் தொடங்கும். வக்கீலை வைத்துக்கொண்டால், வென்றாலும் அவருடைய கூலியைத் தாமே ஏற்க வேண்டும். நீதிமன்றத்தின் பாஷை ஜெர்மன் ஆகையால், அதில் தேர்ந்த நண்பர் ஒருவரையும், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை அன்றன்று குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டுபோவது உத்தமம்.