கன்றின் முதல் ஆறு மணி நேரம்

பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் காலை எட்டு மணிக்கு மேல் லயத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து மலைக்கு ஏறியிருப்பார்கள். ஆண்கள் கவ்வாத்துக்கோ, பசறை, பண்டாரவளைப் பக்கம் கைவேலைக்கோ போயிருப்பார்கள். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில். லயத்துக் கோடியில் தகரம் வேய்ந்த மாட்டுப்பட்டியில் நிறைசினைப் பசு மட்டும் நிற்கும். அது ஒன்பது மணிக்கு ஈன்றால், பகல் சாப்பாட்டுக்கு யாராவது ஓடி வரும்போதுதான் கன்று பிறந்த சேதியே தெரியும். சில நாளில் மாலை நாலரைக்குத்தான் தெரியவரும். அதற்குள் கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைக் கண்டுபிடித்திருந்தால் நல்லது. கண்டுபிடிக்காவிட்டால் அந்த வீட்டுக்கு நேரும் நட்டம் அன்றைக்குத் தெரியாது. பத்தாம் நாள் கழிச்சலில் தெரியும், அல்லது மூன்று வருடம் கழித்துப் பால் வாளியில் தெரியும்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு வருகிறது. கருவின் கடைசி மாதங்களில் அவை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்குப் போய்விடும். பசுவுக்கு அந்த வழி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியில் தாய் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையே திசு அடுக்குகள் அதிகம். பெரிய மூலக்கூறான எதிர்ப்புப் புரதம் அவற்றைத் தாண்டாது. ஆகவே கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். தாய் அதற்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் சீம்பாலில், நம்மவர் கடும்பு என்று சொல்லும் முதற்பாலில்தான் இருக்கிறது. நல்ல சீம்பால் ஒரு லீட்டரில் 50 கிராமுக்கு மேல் எதிர்ப்புப் புரதம் இருக்கும்.

இதைக் குடித்தால் மட்டும் போதாது, இரத்தத்தில் சேர வேண்டும். வழக்கமாக எந்தப் புரதத்தையும் குடல் துண்டு துண்டாக உடைத்துத்தான் உள்ளே எடுக்கும். பிறந்த கன்றின் சிறுகுடல் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு முழுப் புரதத்தையும் அப்படியே விழுங்கி இரத்தத்துக்கு அனுப்புகிறது. முதல் ஆறு மணி நேரத்தில் இந்த வேலை நன்றாக நடக்கும். பிறகு மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் வழி அடைபட்டுவிடும். அதன் பிறகு எத்தனை போத்தல் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் சத்துணவுதான். குடலுக்குள் ஓரளவு காவல் காக்கும், இரத்தத்துக்குப் போகாது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புரதத்துக்குத் திறந்திருக்கும் குடல், கிருமியையும் எளிதில் உள்ளே விட்டுவிடும். கன்றின் வாய்க்குள் முதலில் போவது சாணி ஒட்டிய காம்பா, கழுவிய காம்பா என்பதற்கு அன்றைக்கு ஒரு நாள் உள்ள மதிப்பு வேறு எந்த நாளிலும் இல்லை.

30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் ஏறக்குறைய 3 லீட்டர் வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒன்று என்பது கணக்கு. அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதற்குக் குறுக்கே நிற்பது வறுமை மட்டுமில்லை, ஒரு பழைய நம்பிக்கையும்தான். இளங்கொடி, அதாவது ஈன்றபின் வெளிவரும் நஞ்சுக்கொடி, விழாமல் கன்றை ஊட்ட விடக்கூடாது என்று பெரியவர்கள் பலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இளங்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அது இயல்புதான். ஆனால் அதுவரை காத்திருந்தால் கன்றின் குடல் பாதி மூடிவிடும். உண்மையில் நடப்பது நேர்மாறானது. கன்று காம்பைச் சப்பும்போது பசுவின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் பாய்கிறது. மடியிலிருந்து பாலை இறக்குவது அதுதான். கருப்பையைச் சுருக்கி இளங்கொடியைத் தள்ளவும் அதுவே துணை நிற்கிறது. கொடி விழட்டும் என்று கன்றைக் கட்டி வைப்பது, கொடி விழ உதவும் கன்றைத்தான் கட்டி வைப்பது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. கனடாவின் மனிட்டோபாவில் கஸ் கோனெஃபல் என்ற பண்ணையாளர் 1970களில் கண்டறிந்த உண்மை உலகெங்கும் மாடு வளர்ப்போர் அறிந்தது. நிறைசினைப் பசுக்களுக்கு நண்பகலிலும் இரவு பத்து மணி வாக்கிலும் தீனி போட்டபோது, ஐந்தில் நான்கு கன்றுகள் காலை ஏழிலிருந்து மாலை ஏழுக்குள் பிறந்தன. அது இறைச்சி மாட்டுப் பண்ணை. அவருக்குப் பகல் ஈற்று வேண்டியிருந்தது, ஆள் பகலில்தான் பட்டியில் இருப்பார்கள். லயத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது தலையில் சுமந்து வரும் புல்லுக்கட்டு பொழுது சாய்ந்த பிறகுதான் பசுவின் முன் விழுகிறது. நம் வழக்கமும் கன்றைப் பகலுக்கே தள்ளுமானால், ஆளில்லாத நேரத்துக்குத் தள்ளுகிறது என்று அர்த்தம். நாள் நெருங்கிய பசு இருக்கும் வீட்டார், வேலையை விட்டு ஓய்ந்த தாத்தாவிடமோ ஆச்சியிடமோ, பக்கத்துக் காம்பரா ஆளிடமோ மணிக்கொருதரம் பட்டியை எட்டிப் பார்க்கச் சொல்லி வைப்பது இதற்காகத்தான் முக்கியம்.

பிறந்த முதல் வாரத்தில் கன்று மாடாகவே இல்லை. அசைபோடும் பிராணியின் நான்கு இரைப்பைகளும் அதற்கு இருக்கின்றன. ஆனால் நான்காவதுதான் பெரியது, மொத்தக் கொள்ளளவில் பாதிக்கும் மேல். வளர்ந்த மாட்டில் எண்பது வீதம் இடம்பிடிக்கும் முதல் இரைப்பை கன்றில் சுருங்கிய சிறு பை. கன்று சப்பும்போது உணவுக்குழலின் முடிவில் ஒரு தசை மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பைக்குள் விடாமல் நேரே நான்காவதற்கு அனுப்பிவிடும். அங்கே ரெனின் என்ற நொதி சில நிமிடங்களில் பாலைத் திரட்டித் தயிராக்கும். பிறகு அது மெல்ல மெல்லச் செரிக்கும்.

இதில் பட்டிக்கு உதவும் விடயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பால் முதல் இரைப்பைக்குப் போவதில்லை என்றால், அந்தப் பைக்குத் தண்ணீரும் பாலிலிருந்து கிடைப்பதில்லை. தண்ணீர் இல்லாமல் அங்கே நுண்ணுயிர்கள் வாழா. நுண்ணுயிர்கள் இல்லாமல் புல் செரிக்காது. பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுத்துத் தண்ணீர் கொடுக்காத கன்றுகள், தண்ணீரும் கிடைத்த கன்றுகளைவிட 38 வீதம் குறைவாகவே எடை போட்டன. அவை தின்ற தீவனமும் 31 வீதம் குறைவு. பீலித் தண்ணீர் ஒரு சிறு வாளி, கன்று தட்டிவிடாதபடி மூலையில் கட்டிவைத்தால் போதும். இதைவிட மலிவான தீனி இல்லை.

முதல் இரைப்பை வளர்வதற்கு இன்னொன்றும் வேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வார்னரும் ஃபிளாட்டும் லூஸ்லியும் 1956இல் காட்டியது இது: பால் மட்டும் குடித்து வளர்ந்த கன்றின் முதல் இரைப்பைச் சுவர் வழவழவென்று கிடக்கும். தானியத் தீவனம் தின்ற கன்றின் சுவரில் விரல்விரலாக முடிச்சுகள் முளைத்திருக்கும். தானியம் நொதிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் அவற்றை வளர்க்கிறது. சத்தை உறிஞ்சுவது அந்த முடிச்சுகளே. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு பிடி கன்றுத் தீவனத்தைத் தொட்டியில் வைத்து, மீந்ததைத் தினமும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நம் பக்கம் எங்கும் நடப்பட்டிருக்கும் சீ.ஓ. 3 புல் கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியரையும் கலந்து உருவாக்கியது. பெரிய மாட்டுக்கு அது வரம். முற்றிய தண்டு சிறு கன்றுக்கு உதவாது, இளந்தளிரை மட்டும் கிள்ளிப் போடலாம்.

ஊவாவில் ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிறது. அதே காற்றில் ஓடைக்கரைப் புல்லும் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் பிறக்கும் கன்றுக்குத் தாய்ப்பாலே குறைவு. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைமழை. அப்போது பிறக்கும் கன்றுக்குப் பிரச்சினை ஈரம். பிறந்த மூன்று வாரத்துக்குள் இருக்கும் கன்றுக்கு 15 பாகைக்குக் கீழ் இறங்கினாலே உடம்பைச் சூடாக வைக்கத் தனியாகச் சக்தி செலவாகிறது. அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்து இரவுகளில் அது சாதாரணம். மயிர் நனைந்திருந்தால் செலவு இன்னும் கூடும். படுக்கை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கன்று படுக்கும் இடத்தில் முழங்காலை ஊன்றி இருபது வரை எண்ணுங்கள். எழும்போது துணி நனைந்திருந்தால் புது மானாப்புல் போட வேண்டும். அப்படியே குனிந்து கன்றின் மூக்கு உயரத்தில் ஒரு தடவை மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மூத்திர வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, கன்றின் நுரையீரல் இரவு முழுக்க அந்த நெடியைத்தான் இழுக்கிறது.

குடற்பூச்சி மருந்தைப் பற்றிச் சொல்ல இலங்கையிலேயே செய்த நல்ல ஆய்வு இருக்கிறது. எருமை, மாட்டுக் கன்றுகளின் குடலில் வாழும் டொக்சோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருண்டைப்புழுவை ராபர்ட்ஸ், பெர்னாண்டோ, சிவநாதன் ஆகியோர் எருமைகளில் ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். இளம்புழு தாயின் உடலுக்குள் தூங்கிக் கிடக்கும். தாய்க்கு ஒரு தொல்லையும் இல்லை. ஈன்றதும் அது மடிக்கு நகர்ந்து பாலோடு கன்றுக்குள் போகிறது. மூன்று வாரத்தில் முழுப் புழுவாகி, கன்றின் சாணியில் முட்டைகளைக் கொட்டத் தொடங்கும். முட்டைகள் பட்டி மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடந்து மறுபடி பசுக்களின் வாய்க்குப் போகும். இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? புழு முதிர்ந்து முட்டையிடுமுன், கன்றுக்குப் பத்து நாளிலிருந்து பதினாறு நாளுக்குள் பொருத்தமான மருந்து ஒரு தடவை கொடுத்தால் போதும். வயிறு உப்பி, மயிர் சிலிர்த்த பிறகு கொடுக்கும் மருந்து அந்தக் கன்றைக் காப்பாற்றலாம், பட்டி மண்ணைக் காப்பாற்றாது. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைப் பிரதேச மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிச்சல் வந்தால் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியல்ல, நீரிழப்பும் இரத்தத்தில் ஏறும் அமிலமும்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம்போல் நிற்கும், கண் குழி விழும். இழந்த நீரை எப்படித் திருப்பித் தருவது? 1971 வங்கதேசப் போரில் பங்கான் அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரால் வாந்திபேதி நோயாளிகளின் மரணத்தை நூற்றுக்கு முப்பதிலிருந்து நாலுக்கும் கீழே கொண்டுவந்தார். குளுக்கோஸ் குடலுக்குள் நுழையும்போது உப்பையும் உடன் இழுக்கிறது, உப்பின் பின்னே தண்ணீர் போகிறது. கன்றின் குடலிலும் இதே கதவுதான். கன்றுக்கென்று வரும் கரைசலில் அமிலத்தை முறிக்கும் பொருளும் இருக்கும், அதுவே மேல். அது கிடைக்கும்வரை மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி உப்புத் தூளைக் கரைத்து ஊட்டலாம். பாலை நிறுத்திவிடாதீர்கள். பாலும் கரைசலும் வேறு வேறு நேரத்தில் கொடுக்க வேண்டும்.

எல்லாம் கடைசியில் பால் வாளியிடம்தான் வந்து நிற்கிறது. தோட்டச் சம்பளத்தில் முடியாத பள்ளிச் செலவையும் கடைக் கணக்கையும் தீர்ப்பது பால் காசு. காலையில் பால் சேகரிக்கும் வண்டி வந்து நிற்கும்போது, கன்றுக்கு விட்ட ஒவ்வொரு கோப்பையும் கையை விட்டுப் போன காசாகத் தோன்றும். அந்தக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. கோர்னெலில் 2012இல் வெளியான ஆய்வொன்று, பால் குடிக்கும் பருவத்தில் கன்று தினமும் போடும் எடையையும் அது பசுவானபின் முதல் ஈற்றில் கறந்த பாலையும் ஒப்பிட்டது. நாளொன்றுக்கு 100 கிராம் கூடுதலாக எடை போட்ட கிடாரி, முதல் ஈற்றில் ஏறக்குறைய 85 கிலோ பால் கூடுதலாகக் கொடுத்தது. அவை அமெரிக்கக் கொட்டிலில் வளர்ந்த ஃப்ரீசியன்கள். நம் ஜெர்சிக் கலப்பில் அதே எண் வராது, ஆனால் போக்கு அதுதான். ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கறக்கும் பழைய வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். கறந்து முடித்தபின் மடியில் தங்கும் பால்தான் கொழுப்பு மிகுந்தது. அதைக் கன்று சப்பி எடுக்கும் பசுக்களுக்கு மடிநோயும் குறைவு என்று வெப்ப நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

நம் கன்றை வளர்த்தெடுப்பதற்குப் பதில் வெளியிலிருந்து மாடு இறக்கியும் பார்த்தோம். 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஏறக்குறைய 5,000 சினைக் கிடாரிகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. அவற்றில் பல நோயுற்றன, இறந்தன. கடனெடுத்து வாங்கியவர்கள் வருடக் கணக்கில் தவித்தார்கள். கப்பலில் வந்த பசு எதிர்ப்புச் சக்தி சேர்த்தது அதன் ஊர்க் கிருமிகளுக்கு எதிராக. பதுளைப் பட்டியில் ஐந்து ஈற்று கண்ட கலப்புப் பசுவின் சீம்பாலில் இருப்பது பதுளைக் கிருமிகளுக்கான எதிர்ப்பு. வெளிநாட்டிலிருந்து பணம் கொடுத்து இறக்கும் கிடாரிக்கு ஈடாக வளரக்கூடிய கன்று, நம் லயத்துக் கோடியில் பத்தாம் நாளில் செத்துப் போகிறதென்றால், அரசும் தோட்ட நிர்வாகமும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கோடிதான்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் இல்லை. நாலைந்து ஈற்று கண்ட ஆரோக்கியமான பசு ஈன்ற அன்று, கன்று வயிறார ஊட்டியபின் மிஞ்சும் சீம்பாலைச் சுத்தமான போத்தல்களில் ஒரு லீட்டர் வீதம் பிடித்து, தேதி எழுதி உறையவைக்கலாம். நன்கு உறைந்த நிலையில் ஒரு வருடம் வரை கெடாது. பால் சேகரிக்கும் நிலையங்களில் ஏற்கெனவே மின்சாரமும் குளிரூட்டியும் இருக்கின்றன, அங்கே ஓர் உறைபெட்டி வைத்தால் சுற்றியுள்ள லயங்கள் எல்லாவற்றுக்கும் போதும். தலைச்சன் ஈற்றுப் பசுவுக்குச் சீம்பால் வலுக்குறைவு. தாய் செத்துப் போவதும் உண்டு, மடிநோயில் பால் கெடுவதும் உண்டு. அந்த வேளையில் போத்தலை எடுத்து வரலாம். கொதிநீரில் மட்டும் போட்டுவிடக்கூடாது, எதிர்ப்புப் புரதம் வெந்து கெட்டுவிடும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் முக்கி வைத்து, அரை மணி நேரமானாலும் பொறுத்திருந்து, உடல் சூட்டுக்கு வந்ததும் கன்றின் தலையைச் சற்று உயர்த்திச் சூப்பிப் போத்தலில் ஊட்ட வேண்டும்.