கடல் கடந்து தைப்பதா? கணக்குப் பார்ப்போம்

மணப்பாறையை அடுத்த புத்தாநத்தத்தில் ஆயத்த ஆடைத் தையல் ஊர்த்தொழிலாகவே வளர்ந்துள்ளது. சிறு முதலாளிகள் துணியை வெட்டிக் கொடுக்க, பெண்கள் பலர் தைத்துக் கூலி பெற்றுக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். கூலி ஏறும்போதெல்லாம் இத்தொழிலில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "அயல்நாட்டில் கூலி மலிவு என்கிறார்களே, உற்பத்தியை அங்கே மாற்றினால் என்ன?"

இக்கேள்வியை நாட்டுப்பற்றின் பேரால் மட்டும் தள்ளிவிடுதல் தகாது. கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தே விடை காணல் வேண்டும்.

வாழை பயிரிடும் நம் உறுப்பினர் எவரும் சென்னை விலையைக் கேட்ட மாத்திரத்தில் தாரை லாரியில் ஏற்றிவிடுவதில்லை. வண்டிக்கூலியும் தரகும் சேதாரமும் கழித்து மிஞ்சுவதே விலை என்பதை அவர் அறிவார். ஆடைக்கும் அதுவே முறை. 200 ரூபாய் அடக்கமாகும் ஓர் ஆடையில், அயல்நாட்டில் தைத்தால் கூலி 20 ரூபாய் குறையும் எனக் கொள்வோம். கப்பற்கூலி, துறைமுகச் செலவு, முகவர் தரகு 9 ரூபாய். முதல் 2 மாதம் முடங்குவதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் வட்டி 4 ரூபாய். கழிவுபடும் உருப்படிகளுக்கு 3 ரூபாய். எஞ்சுவது 4 ரூபாயே.

அந்த 4 ரூபாயும் நிலைத்ததன்று. வங்காள தேசத்தில் ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதக் கூலி 2023 டிசம்பரில் 8,000 டாக்காவிலிருந்து 12,500 டாக்காவாக உயர்ந்தது. அந்நாட்டு ஆயத்த ஆடைகள் தரைவழி வருவதை நம் அரசு 2025 மே 17இல் தடுத்து, கல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுமதித்தது. எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பேட்டையோ அமெரிக்கச் சுங்கச் சலுகையை நம்பி வளர்ந்தது. 2022 ஜனவரி 1இல் அச்சலுகை நின்றது. அதற்கு முன்னரே பெரிய நிறுவனம் ஒன்று அங்கிருந்த தன் ஆலையை மூடிற்று.

ஒரே மாதிரியான ஆடையை இலட்சக் கணக்கில் ஐரோப்பாவுக்கு அனுப்புவோர்க்கு, சுங்கமற்ற நாட்டில் தைப்பது ஆதாயம் தரலாம். ஆயின் திருச்சி, திருவரங்கக் கடைகளுக்கு விற்போர் நிலை வேறு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஒரு நிறம் விற்றுத் தீர்ந்தால், புத்தாநத்தத்திலிருந்து சில நாட்களில் மறுசரக்கு வரும். கப்பற் சரக்கு வந்து சேருமுன் திருவிழாவே முடிந்துவிடும். ஆதலால் சிறு தொழிலர் துணியையும் நூலையும் கூட்டாகக் கொள்முதல் செய்து அடக்கத்தைக் குறைப்பதே முதல் வழியெனக் கருதுகிறோம்.

நெசவாளர் சங்கத்துக்கு இக்கணக்கில் இன்னும் ஒரு பத்தி உண்டு. உறையூர்ச் சேலையை வேறு நாட்டில் நெய்தால் அது உறையூர்ச் சேலை ஆகாது. மேலும், தனியார் தொழிலில் இலாபம் ஒருவருக்கும் வேலையிழப்பு மற்றொருவருக்கும் சேரும். நம் சங்கத்திலோ பங்குதாரரும் நெசவாளரும் ஒருவரே. தறி நின்றால், ஆண்டு முடிவில் வரும் பங்காதாயம் அவ்வீட்டின் அடுப்பை எரிக்காது.

ஆதலின், "வெளியே நெய்வித்து நம் முத்திரையில் விற்போம்" என்று எவரேனும் யோசனை கூறின், மேற்கண்ட செலவினங்களுடன் எத்தனை தறிகள் நிற்கும் என்பதையும் எழுதிப் பேரவையின் முன் வைக்கும்படி கேளுங்கள். தறியை நிறுத்தும் தீர்மானத்தைத் தறியில் அமர்வோரே முடிவு செய்தல் வேண்டும்.