குச்சியும் திப்பியும் விமானத்துக்குப் போகுமா?

ஆகாய விமானம் மண்ணெண்ணெயைப் போன்ற ஓர் எண்ணெயில் பறக்கிறது. அதைக் கழிவிலிருந்தும் செய்ய முடியும். வெளிநாடு செல்லும் விமானங்களில் இத்தகைய எண்ணெயை 2027ல் 1 சதவிகிதமும், 2028ல் 2 சதவிகிதமும் கலக்க மத்திய அரசு 2023ல் இலக்கு வைத்தது. ஆகவே நம் களத்துக்கே ஆள் வந்து கழிவுக்கு விலை பேசும் நாள் வரலாம். அப்போது என்ன கேட்பது என்று சேலம், நாமக்கல் விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

செய்முறையில் முக்கியமானவை இரண்டு. மாவையோ சர்க்கரையையோ புளிக்க வைத்துச் சாராயமாக்கி, அதை எண்ணெயாக மாற்றுவது ஒன்று. 2023 மே மாதம் புனேயிலிருந்து டில்லிக்குச் சென்ற விமானத்தில், கரும்பாலை மொலாசஸிலிருந்து இவ்விதம் செய்த எண்ணெய் கலந்திருந்தது. சேகோ ஆலைத் திப்பியிலும் காய்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி மாவுச்சத்துதான். மற்றொன்று, மரவள்ளிக் குச்சி, கரும்புச் சோகை போன்றவற்றைக் குறைந்த காற்றில் சூடாக்கி வாயுவாக்கி, அந்த வாயுவை எண்ணெயாக மாற்றுவது. இதற்கு முதலீடு மிகப் பெரிது.

நம் பக்கத்தில் நடைமுறைக்கு வந்தது எரிவாயுதான். புதுச்சத்திரத்தில் கோழி எச்சம் முதலிய கழிவுகளிலிருந்து தினம் 15 டன் அழுத்திய வாயு எடுக்கும் திறனுள்ள ஆலை அமைந்து, 2020ல் இவ்வட்டார இந்தியன் ஆயில் பங்குகளில் அந்த வாயு விற்பனைக்கு வந்தது. கோழி எச்சத்தைத் தனியே போட்டால் அம்மோனியா மிகுந்து நுண்ணுயிர்கள் மந்தப்படும். மாவுக் கழிவு கலந்தால் சீராகும். வீட்டில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல.

இந்த வாயுவுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் 2018ல் கிலோவுக்கு ரூ.46 என்று விலை உறுதி கூறின. வாயு ஆலை அமைக்க வாங்கும் கடனை ரிசர்வ் வங்கி 2020ல் முன்னுரிமைக் கடனில் சேர்த்தது. ஆயினும் கோடிக்கணக்கில் போட்டு ஆலை நடத்துவது சிறு விவசாயியால் ஆகிற காரியமல்ல. நமக்கு உள்ளது கழிவின் விலைதான்.

மரவள்ளிக் கிழங்கைப் புள்ளி பார்த்துத்தானே விற்கிறோம்? கழிவை ஈரம் பார்த்து விற்க வேண்டும். ஒரு டன் பச்சைக் குச்சியில் 600 கிலோ தண்ணீர் இருந்தால், ஆலைக்கு உதவுவது 400 கிலோதான். காய்ந்த எடைக்கு விலை பேசினால் வழக்கு வராது. காயவைத்து அனுப்பினால் லாரி வாடகையும் குறையும். வெட்டுக்கூலி, கட்டுக்கூலி, வாடகை யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். விதைக்கரணைக்குப் போகத்தான் மீதிக் குச்சி. சோளத்தட்டும் கடலைக்கொடியும் மாட்டின் பங்கு. அவற்றில் கை வைக்காதீர்கள்.

எருவும் பெரிய விஷயம். வாயு ஆலையில் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் கசடிலேயே தங்கிவிடுகின்றன. கழிவு கொடுப்பவருக்குக் கசடு எரு இவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். சூடாக்கி வாயுவாக்கும் ஆலையிலோ மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பல், தழைச்சத்து போய்விடும். அதற்கும் சேர்த்து விலை கூட்டிக் கேட்பதில் தவறில்லை.

காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2003ல் மத்தியத் திட்டக்குழு அதற்குப் பெரிய திட்டம் வகுத்தது. நம் மாநிலத்திலும் பலர் நட்டார்கள். மானாவாரியில் சொன்ன விளைச்சல் வரவில்லை, பெரும்பாலோர் கைவிட்டார்கள். 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டில்லிக்கு அந்த எண்ணெய் கலந்து விமானம் பறந்தது உண்மைதான். இங்கே நட்டவர்களுக்கு அதனால் காசு வரவில்லை. இனி யாராவது எண்ணெய்ப் பயிருக்கு நாற்று கொண்டு வந்தால், வாங்கப் போகும் ஆலை எங்கே ஓடுகிறது என்று கேட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து குழி தோண்டுங்கள்.