கோப்பெங்கில் ஓடும் டாங்கிகள்

மலேசியாவின் கோப்பெங்கில் எங்கள் வீட்டுப் பழைய கணினியில் ‘ஆர்மா 3’ சர்வர் ஓடுகிறது. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் 2013-இல் வெளியிட்ட போர் விளையாட்டு அது. டாங்கி மோட் எனும் கூடுதல் தொகுப்பைச் சேர்க்க, அதன் கோப்புறையைச் சர்வரில் போட்டு, தொடக்கக் கட்டளையில் பெயரைக் கொடுக்க வேண்டும். சாவிக் கோப்பை ‘கீஸ்’ கோப்புறையில் போடாவிட்டால் கையொப்பச் சோதனை ஆட வருகிறவர்களைத் தள்ளிவிடும். அவர்களிடமும் அதே மோட், அதே பதிப்பு வேண்டும். “அண்ணே, உள்ள விடமாட்டேங்குது!” என்று தம்பிகள் கூப்பிட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். வண்டிகளை அள்ளிப் போட்டால் சர்வர் திணறும், நாலைந்து போதும்.

நிஜ டாங்கிகளும் இந்தப் பக்கம் வந்தவைதான். 1942 ஜனவரி 7 விடியுமுன், ஜப்பானிய டாங்கிகள் தெற்கே சிலிம் ரிவரில் நெடுஞ்சாலை வழியே பாய்ந்து 11-ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. அந்த ஜப்பானிய வண்டிகளின் மோட்தான் அடுத்து வேண்டுமாம் தம்பிகளுக்கு.