தென்காசியில எழுதியே ‘காசு’ பார்க்கலாம்!

‘காப்பிரைட்டர் ஆகப் போறேன்’னு வீட்ல சொல்லிப் பாருங்க. “அது புஸ்தகத்தோட முதல் பக்கத்துல சின்ன எழுத்துல போடுவாங்களே, அதுவா?”ன்னு அப்பா கேட்பார். அந்தக் காப்பிரைட் வேற. நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், ரேடியோ ஸ்பாட், வெப்சைட், இன்ஸ்டா போஸ்ட்... எதுல எதை விக்கணும்னாலும் அதுக்கு ஒருத்தர் வாசகம் எழுதியாகணுமே, அவர்தான் காப்பிரைட்டர். ஒரே கம்பெனியில மாசச் சம்பளத்துக்கு உட்காராம, வேலைக்கு இவ்வளவுன்னு பேசிப் பல பேருக்கு எழுதினா நீங்க ஃப்ரீலான்ஸர்.

“அதுக்கெல்லாம் சென்னை போகணும் பாஸ், தென்காசியில என்ன இருக்கு?”ன்னு இழுக்காதீங்க. பக்கத்து மத்தளம்பாறையில 2011-ல ஜோஹோ ஆபீஸ் வந்ததில இருந்து, உலகம் முழுக்க விக்கிற சாஃப்ட்வேர் வேலையே தென்னந்தோப்பு நடுவுல நடக்குது. அதைவிடப் பழைய உதாரணமும் நம்ம ஊர்லயே இருக்கு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல, பஸ்ல நீங்க தினமும் தாண்டிப் போற மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ம் நூற்றாண்டுக்காரர். ‘குற்றாலக் குறவஞ்சி’ எழுதினதுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலமே கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பேரு ‘குறவஞ்சி மேடு’! (இதைப் போய் விளம்பரம்னு சொன்னா உங்க தமிழ் புரொஃபசர் கோவிச்சுக்குவார். சொல்லிடாதீங்க!)

அவர்கிட்ட நாம சுடவேண்டிய டெக்னிக் ஒண்ணு இருக்கு. ‘எங்க மலை ரொம்ப அழகு’ன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டுப் போகலை. மலையில எந்த மிருகம் என்ன செய்யுது, தண்ணி எப்படித் தெறிக்குதுன்னு கண்ணுக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினார்.

நீங்க பாவூர்சத்திரம் பக்கம் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு எழுதுறீங்கன்னு வைங்க. ‘100 சதவீதம் சுத்தமானது, தரமானது’ன்னு எழுதினா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. பக்கத்துக் கடை போர்டுலயும் அதேதான் இருக்கு. அதுக்குப் பதிலா செக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் நில்லுங்க. “அண்ணாச்சி, எள்ளு எந்த ஊர்ல இருந்து வருது? காலையில எத்தனை மணிக்கு ஓட்ட ஆரம்பிப்பீங்க? ஆட்டின எண்ணெயை எத்தனை நாள் தெளிய விடுவீங்க?”ன்னு கேளுங்க. அவர் சிரிச்சுக்கிட்டே, “இதெல்லாம் எல்லாரும் செய்யறதுதானவே, இதைப் போயா எழுதப் போறீரு?”ம்பார். அங்கதான் உங்க விளம்பரம் இருக்கு!

அமெரிக்காவுல கிளாட் ஹாப்கின்ஸ்னு ஒரு காப்பிரைட்டர். ஷ்லிட்ஸ்ங்கிற பீர் கம்பெனிக்கு எழுதப் போனவர் (உதாரணத்துக்குத்தான் சொல்றேன் மக்களே!) முதல்ல ஃபேக்டரியைச் சுத்திப் பார்த்தார். பாட்டிலைத் திரும்பத் திரும்பக் கழுவறாங்க, காத்தையே வடிகட்டி உள்ளே விடறாங்க. “ஏன் இதை வெளியே சொல்லலை?”ன்னு கேட்டா, “எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்யுது”ன்னாங்க. முதல்ல சொல்றவனுக்குத்தான் பேருன்னு அதையே விளம்பரமா எழுதினார். கம்பெனி ஜம்முனு மேல வந்தது. 1927-ல வந்த தன் சுயசரிதையில இதைச் சொல்லியிருக்கார்.

‘இப்ப ஏ.ஐ.யே எழுதிடுதே’ன்னு பயப்படறவங்களுக்கும் இதுதான் பதில். ‘தரமானது, சுவையானது’ டைப் வாசகத்தை அது ஒரு நொடியில நூறு எழுதித் தள்ளிடும். அந்த வேலைக்கு இனி காசு கிடைக்காது. ஆனா, செக்குப் பக்கத்துல போய் நின்னு அண்ணாச்சி வாயைப் பிடுங்க அதால முடியாது.

இப்ப சீசன் மேட்டருக்கு வருவோம். ஜூன்ல சாரல் அடிக்க ஆரம்பிச்சதும் லாட்ஜ்காரருக்கு நிக்க நேரம் இருக்காது. அப்பப் போய், “சார், நான் காப்பிரைட்டர்”னா விரட்டி விட்டுடுவார். ஏப்ரல்ல போங்க. வெறுங்கையோட போகாம, அவர் லாட்ஜுக்கே ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போங்க. ஐந்தருவிக்கு நடந்து போக எத்தனை நிமிஷம், ராத்திரி குளிச்சிட்டு வந்தா வெந்நீர் உண்டா, ஈரத்துணி காயப்போட இடம் இருக்கா... ஃபேமிலியோட வர்றவங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்.

அதைவிடப் பெரிய கேள்வி, “தண்ணி விழுதா?” சீசன்ல லாட்ஜுக்கு வர்ற போன்ல பாதி இதுக்காகத்தான் இருக்கும். தினமும் காலையில அருவி நிலவரத்தை நாலு வரியில வாட்ஸ்அப்ல போடற வேலையை நீங்க எடுத்துக்கலாம். ஆனா, ஒரு கண்டிஷன். தண்ணி இல்லேன்னா இல்லேன்னு எழுதணும். வெள்ளம் வந்து போலீஸ் தடை போட்டிருந்தா அதுதான் முதல் வரி. 2024 மே 17 அன்னிக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல 17 வயசு மாணவர் ஒருத்தர் உயிர் போச்சு. ‘ரூம் காலியாயிடுமே’ன்னு ஓனர் இழுத்தாலும் இந்த விஷயத்துல வளைஞ்சு கொடுக்காதீங்க.

மூலிகை எண்ணெய், லேகியம் விக்கிறவங்களும் உங்களைத் தேடி வருவாங்க. ‘சர்க்கரை நோய் அடியோடு போகும்’னு எழுதச் சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம் மாதிரி நோய்களைக் குணப்படுத்தும்னு மருந்து விளம்பரம் செய்யறதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுக்குது. அந்த மாதிரி விளம்பரம் வெளியாகறதுல யாரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாதுங்கிறது அதுல இருக்கு. எழுதிக் கொடுத்தவரும் பங்கு எடுத்தவர்தானே?

சரி, துட்டு? பக்கத்துக்கு இவ்வளவுன்னு குருட்டாம்போக்குல சொல்லாம, இப்படிக் கணக்குப் போடுங்க. மாசம் 18,000 ரூபாய் வேணும்னு வைங்க. 24 நாள்ல பாதி, ஆள் தேடறதுலயும் போன் பேசறதுலயும் பாக்கி கேட்டு அலையறதுலயும் போயிடும். எழுத மிச்சம் 12 நாள். அப்போ ஒரு நாளுக்கு 1,500. ரெண்டு நாள் வேலைன்னா 3,000. பாதியை அட்வான்ஸா வாங்கிட்டுத்தான் பேனாவைத் திறக்கணும். “தெரிஞ்ச பையன்தானே”ன்னு இழுக்கறவங்க இருக்காங்க; எத்தனை தடவை திருத்தம், எந்தத் தேதியில பணம்னு ஒரு மெசேஜாவது அனுப்பி ‘ஓகே’ வாங்கிடுங்க.

ஆதார், பான் கார்டு இருந்தா ‘உத்யம்’ பதிவு இலவசம். பதிவு பண்ணின சிறு தொழில்காரருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பாக்கி வைக்கக் கூடாது, இல்லேன்னா 15 நாள்தான்னு 2006 சட்டம் சொல்லுது. தாமதமானா வட்டியும் உண்டு. ஒரு கம்பெனி வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா 10 சதவீதம் வரி பிடிச்சிட்டுத்தான் தரும் (2025 ஏப்ரல்ல இருந்து இந்த வரம்பு). பதறாதீங்க. வரி கட்டற அளவுக்கு வருமானம் இல்லேன்னா, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிடலாம்.

அப்பா கேட்ட அந்தக் காப்பிரைட்டும் இங்க வருது! ஃப்ரீலான்ஸரா நீங்க எழுதினதோட உரிமை, எழுத்து மூலமா மாத்திக் கொடுக்கிற வரைக்கும் உங்களோடதுதான். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு மாத்திக் கொடுங்க.

செப்டம்பர்ல சாரல் நின்னதும் கடையைக் கட்டிடாதீங்க. கார்த்திகை பிறந்தா ஐயப்ப பக்தர்கள் வேன் வேனா குற்றாலம் வருவாங்க. ஆந்திரா, கர்நாடகா வண்டியும் நிறைய. உங்க கிளாஸ்ல தெலுங்கு நல்லா எழுதத் தெரிஞ்ச ஒரு ஆளை இப்பவே பிடிச்சு, ஃபீஸ்ல பாதிப் பங்குன்னு பேசி வைங்க!