உஷார்! சிறைக்குள் ஓடும் நாளை யார் எண்ணுகிறார்கள்?

உங்கள் வீட்டுப் பிள்ளை ரிமாண்டில் இருக்கிறானா? "வக்கீல் பார்த்துக்குவார்" என்று சும்மா இருக்கிறீர்களா? இருக்காதீர்கள். அவனை வெளியே கொண்டுவரச் சட்டத்தில் இரண்டு கெடு இருக்கிறது. இரண்டையும் கணக்கு வைத்துக்கொள்ள உங்களைவிட்டால் நாதியில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலவரம் இதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நம் நாட்டுச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். உள்ளே இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்ற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினாலும், தீர்ப்பே வராதவர்களால் மட்டும் சிறை கிட்டத்தட்ட நிரம்பிவிடும்! 1979-ல் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போன காலத்திலிருந்து இதே கதைதான். நெரிசலைக் குறைக்கத்தான் சட்டத்தைத் திருத்துகிறார்கள். ஆனால் திருத்தம் தானாக வந்து கதவைத் திறக்காது.

முதல் கெடு 60 நாள். போலீஸ் அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு என்று போகும் பெரிய குற்றங்களுக்கு 90 நாள். போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு பிடிபட்டால் 180 நாள். கோர்ட் நீட்டித்தால் ஒரு வருஷம் வரைகூடப் போகும். ஸ்டாச்சூட்டரி பெயில் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

இங்கேதான் ஏமாறுகிறார்கள். கைதான நாளிலிருந்து எண்ணக்கூடாது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாள்தான் முதல் நாள். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஜூன் 1 ரிமாண்ட் என்றால் ஜூலை 30 அறுபதாம் நாள். ஜூலை 31 காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயே போச்சு. சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கில் 2019 பிப்ரவரி 1 காலை 10.30-க்கு ஜாமீன் மனு போட்டார்கள். அன்று மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு, குற்றப்பத்திரிகைக்குச் சமமான புகாரைத் தாக்கல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மனு முந்திக்கொண்டதால் ஜாமீன் உறுதியானது. அந்த ஆறு மணி நேரம்தான் ஒரு மனிதனைக் காப்பாற்றியது. மனுவும் அந்தப் புகாரும் இடம் மாறியிருந்தால்?

உத்தரவு கிடைத்தாலும் நிம்மதியாகத் தூங்காதீர்கள். சொன்ன கெடுவுக்குள் ஷ்யூரிட்டி நிறுத்தவில்லை, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்றால் அந்த ஜாமீனும் கைநழுவும். ஆகவே ஐம்பதாம் நாளே ஜாமீன்தாரர்களையும் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று அவர்கள் காட்ட வேண்டிய காகிதங்களையும் தயார் செய்துவிடுங்கள். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்க வருகிறேன் என்பவன் பக்கமே போகாதீர்கள். அவன் காட்டும் காகிதம் போலி என்று தெரிந்தால், ஒரு வழக்கு இரண்டாகும்.

இரண்டாவது கெடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ம் பிரிவு. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. சாதாரணத் திருட்டுக்கு உச்சம் மூன்று வருஷம். ஆக, ஒரு வருஷம். வீடு புகுந்து திருடினால் உச்சம் ஏழு. இரண்டு வருஷம் நாலு மாதம். ஆயுளோ மரணமோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட் 23-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், "உங்க கேஸ் பழசு" என்று யாராவது தட்டிக்கழித்தால் நம்பாதீர்கள்.

கெடு முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்கிறது சட்டம். நல்ல சட்டம்தான். நிரம்பி வழியும் சிறையில், ஒவ்வொரு கைதியின் பிரிவையும் நாளையும் பார்த்துக் கணக்குப் போட யாருக்கு நேரம்? நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இந்தப் பிரிவுக்குள்ளேயே மூன்று பள்ளம் இருக்கிறது. ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரே பிரச்சினைக்கு இரண்டு எஃப்.ஐ.ஆர். விழுந்தவன் கதி? நெரிசலைக் குறைக்க வந்த சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, உங்கள் தரப்பு வாய்தா வாங்கி இழுத்த நாட்கள் கணக்கில் கழியும். மூன்றாவதுதான் விஷம்: "குற்றத்தை ஒத்துக்கோ, இன்னிக்கே அனுப்பிடறோம்" என்று சின்னக் கேஸில் யாராவது ஆசை காட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அது தண்டனைப் பதிவு. நாளைக்கு இன்னொரு வழக்கில் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கு கிடைக்காது, பாதிக் காலம் உள்ளே. முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

காசில்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே வரவில்லை என்றால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஷ்யூரிட்டி கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டத்தில் ஜாமீன் தொகைக்கு உதவியும் உண்டு. போதைப்பொருள், பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இல்லை.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போது முறுக்கு, பிஸ்கட்டோடு ஒரு பேனாவும் கொண்டு போங்கள். ரிமாண்ட் தேதி, குற்ற எண், என்னென்ன பிரிவு, எந்தக் கோர்ட் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். பிறகு 15100-க்குப் போன் போட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி மையம் எடுக்கும். இந்த நான்கு விவரமும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.