ஒரே தண்டவாளம், இரண்டு இரயில்கள், தனித்தனிக் கட்டளைகள்

மாணவர்களே, ஜொகூர் பாரு சென்ட்ரல் நிலையத்தில் இ.டி.எஸ். இரயில் நிற்கும்போது அதன் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? மடங்கி நிமிரும் ஒரு கை, மேலே செல்லும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரக் கம்பி. கிம்மாஸ் - ஜொகூர் பாரு பாதை மின்மயமான பிறகு, 2025 டிசம்பரில் இந்த இரயில் நம் ஊர்வரை வந்தது.

மேசைமேல் ஓடும் மாதிரி இரயிலுக்குப் பொதுவாக மேல்கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களே அதன் மின்கம்பிகள். பழைய முறையில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். ஆனால், ஒரே பாதையில் இரண்டு இரயில்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது?

மின்சாரத்தோடு கட்டளையையும் அனுப்புவதுதான் வழி. 1980களில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறை, 1990களில் அமெரிக்க தேசிய மாதிரி இரயில் சங்கத்தின் பொதுத் தரமானது. இதை டி.சி.சி. என்பர்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் திசை மட்டும் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும். ஒவ்வொரு திசையிலும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது ‘0’. இந்த எண்களின் வரிசையில் முகவரி, கட்டளை, பிழை சரிபார்ப்பு ஆகியவை அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு இரயிலிலும் ஒரு சிறு மின்னணுச் சில்லு உண்டு. “3ஆம் எண், நில்” என்ற கட்டளை வந்தால் 3 மட்டும் நிற்கும். 7 தன் போக்கில் ஓடும்.

இனி வயரிங். தண்டவாளத்தின் ஒரு முனையில் மட்டும் இரண்டு கம்பிகளை இணைத்தால் போதுமா? ஓம் விதியால் கணக்கிடுவோம். மின்னழுத்தம் 15 வோல்ட் என்க. தளர்ந்த இணைப்புகளால், தொலைவில் உள்ள முனைவரை மின்தடை 5 ஓம் என்க. அங்கே 0.5 ஆம்பியர் இழுக்கும் ஓர் இரயிலுக்கு 2.5 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். இரயில் தளர்ந்து ஓடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. அந்த இடத்தில் இரயில் தடம் புரண்டு, இரண்டு தண்டவாளங்களும் தொட்டுக்கொண்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். அப்போது பாயும் மின்னோட்டம் 15 ÷ 5 = 3 ஆம்பியர். கருவியோ 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும் என்றால், அது துண்டிக்காது! 3 × 3 × 5 = 45 வாட் வெப்பம் தொடர்ந்து வெளியாகும். அதில் பெரும்பகுதி தளர்ந்த இணைப்புகளில் சேர்ந்தால், அங்குள்ள நெகிழி உருகலாம்.

தீர்வு எளிது. பலகையின் அடியில் தடித்த இரண்டு செம்புக் கம்பிகளை ஓடவிடுங்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சிறு கம்பிகளை இணையுங்கள். ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்குக் கறுப்பு என நிறம் மாறாமல் பாருங்கள். மின்தடை 0.5 ஓமாகக் குறைந்தால், குறுக்குச்சுற்றில் 30 ஆம்பியர் பாய முயலும். கருவி உடனே துண்டித்துவிடும்.

சோதிக்க ஒரு 20 சென் நாணயம் போதும். அதன் விட்டம் 20.6 மி.மீ.; எச்.ஓ. அளவுத் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். பாதையின் எந்த இடத்தில் வைத்தாலும் கருவி உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, அங்கே இன்னொரு கம்பியை இணையுங்கள். இச்சோதனை இவ்வகைக் குறைந்த மின்னழுத்தத்துக்கு மட்டுமே. வீட்டு மின்சாரத்திலோ உண்மையான இரயில் பாதையிலோ ஒருபோதும் முயலாதீர்கள்.

இ.டி.எஸ். பாதைக்கும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் வருவதில்லை. வழியில் துணைமின் நிலையங்கள் உள்ளன. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.